தென்பெண்ணைக் கரை கனவான்களின் கொல்லைப்புறமல்ல!

"சோற்றுக்கே திண்டாடுகிறவனுக்குப் பூங்கா ஒரு கேடா?" என்று கேட்கிறார் ஒரு கனவான்.

"ஆற்றங்கரையை அழகுபடுத்த வேண்டும், அங்கே இருக்கும் குடிசைகளை அப்புறப்படுத்த வேண்டும், நகரத்துக்கு ஒரு கௌரவம் வேண்டாமா?" என்று கேட்கிறார் இன்னொரு கனவான்.

கேட்பதற்கு இரண்டும் வேறு வேறு பேச்சாகத் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே நாக்கிலிருந்து வருகிற பேச்சுத்தான். உழைக்கிறவனுக்கு ஓய்வே தேவையில்லை என்கிறார் முன்னவர். தாம் ஓய்வெடுக்கிற இடத்தில் உழைக்கிறவன் கண்ணில் படக் கூடாது என்கிறார் பின்னவர். காலையில் ஆலைச் சங்குக்கு எழுந்திருக்கிறவனும், சேற்றில் இறங்கி நாற்று நடுகிறவளும் மாலையில் காற்று வாங்க ஆசைப்பட்டால் இரண்டு பேருக்கும் பொறுக்கவில்லை!

இந்தக் கனவான்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் "ஆற்றங்கரைப் பூங்கா" என்ற பேச்சு இன்று நாடெங்கும் அடிபடுகிறது. ஆமதாபாத்தில் நடந்து முடிந்தது. சென்னையில் நடந்து வருகிறது. நாளைக்குத் தென்பெண்ணைக் கரைக்கும் அது வரலாம். வேலி போட்டு, கேட்டைப் பூட்டி, டிக்கெட் அச்சடித்த பிறகு வாசலில் நின்று வாதாடிப் பிரயோசனமில்லை. இப்போதே பேசியாக வேண்டும்.

நாம் பூங்காவுக்கு விரோதிகளல்ல. பூங்கா வேண்டும் என்பதுதான் நம் கட்சி. ஆனால் யாருக்காக, யார் நிலத்தில், யாரை வெளியே தள்ளிவிட்டு? அதுதான் கேள்வி.

தை ஐந்தாம் நாள்

விழுப்புரத்துக்குத் தெற்கே சில மைல் தொலைவில் ஓடுகிறது தென்பெண்ணை. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலைச் சீமைகளைக் கடந்து, நம் ஜில்லாவுக்கு வந்து, கடலூரில் கடலோடு கலக்கும் ஆறு இது. அதன் கரையில் எந்த முனிசிபாலிடியும் எந்தக் காலத்திலும் நாடா வெட்டித் திறக்காத ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. அந்தப் பூங்கா வருஷத்தில் ஒரு நாள் தானாகவே திறந்துகொள்கிறது. அந்த நாள் தை ஐந்து. அதற்குப் பெயர் ஆற்றுத் திருவிழா.

நம் வாசகர்களுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பிடாகத்திலும் சின்னக்கள்ளிப்பட்டிலும் இன்னும் பல துறைகளிலும் அன்றைக்கு ஜனங்கள் திரள்வதைப் பார்க்காதவர் யார்? சுற்றுப்பட்டுக் கிராமங்களின் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்காக ஆற்றுக்கு வந்து சேருகின்றன. சாமிகளோடு சம்சாரிகளும் வருகிறார்கள். மணலில் துணி விரித்துக் கட்டுச்சோறு பிரிக்கிறார்கள். பிள்ளைகள் ராட்டினம் சுற்றுகின்றன. கரும்புக் கட்டும், சிறுவள்ளிக் கிழங்கும், பிளாஸ்டிக் பொம்மையும், வளையலும் விற்பனையாகின்றன. ஓடுகிற தண்ணீர் முழங்கால் அளவே இருந்தாலும் அதில் குதித்துக் கும்மாளம் போடாத பிள்ளை கிடையாது. கட்டிக் கொடுத்த பெண்ணைத் தாயும், பிரிந்திருந்த அண்ணனைத் தம்பியும் அங்கே சந்திக்கிறார்கள்.

இதற்கு யார் திட்டம் போட்டார்கள்? எந்தக் கம்பெனி வரைபடம் போட்டது? நுழைவுக் கட்டணம் எவ்வளவு? ஒன்றும் கிடையாது. ஆறு பொது; மணல் பொது; நிழல் பொது. அதனால்தான் கூட்டம் வருகிறது.

"ஏழைக்குப் பொழுதுபோக்கு எதற்கு?" என்று கேட்கும் முதல் கனவானுக்கு இதைவிடப் பதில் என்ன வேண்டும்? மாடாய் உழைத்த ஜனங்கள் தங்களுக்கு ஒரு நாளையும் ஒரு இடத்தையும் தாங்களே தேடிக்கொண்டார்கள். ஓய்வு என்பது பணக்காரன் கண்டுபிடித்த சரக்கல்ல. அறுவடை முடித்தவனின் உரிமை அது.

ஆனால் ஒரு நாள் போதுமா? மீதி 364 நாளும் அந்தக் கரையில் என்ன இருக்கிறது? உட்கார நிழல் உண்டா? குடிக்கத் தண்ணீர் உண்டா? பெண்கள் ஒதுங்க ஒரு கழிப்பிடம் உண்டா? பொழுது சாய்ந்தால் ஒரு விளக்கு உண்டா? திருவிழா நாளில் தற்காலிகமாக நாலு கொட்டகை, நாலு போலீஸார். மறுநாள் வெறும் குப்பைமேடு. ஜனங்கள் பூங்காவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். சர்க்காருக்குத்தான் அது கண்ணில் படவில்லை.

பூங்கா பிறந்த கதை

பொதுப் பூங்கா என்பது துரைமார்கள் மனமிரங்கிப் போட்ட பிச்சை என்று பாடப் புத்தகம் படித்தவர்கள் நினைக்கலாம். உண்மைக் கதை வேறு.

இங்கிலாந்தில் ஆலைகள் பெருகிய காலத்தில் தொழிலாளர்கள் புகைக்கும் சாக்கடைக்கும் நடுவே அடைந்து கிடந்தார்கள். லண்டன் நகரின் கிழக்குப் பகுதி பாட்டாளிகள் குடியிருந்த பகுதி. அங்கே ஒரு பூங்கா வேண்டும் என்று 1840-ம் வருஷம் 30,000 பேர் கையெழுத்திட்ட மனு போயிற்று. கேட்ட பிறகுதான் 1845-ல் விக்டோரியா பூங்கா வந்தது. மனு போகாமல் பூங்கா வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அதே லண்டனில் இன்னொரு கதையும் உண்டு. கென்னிங்டன் என்ற இடத்தில் ஒரு பொதுப் புல்வெளி இருந்தது. ஏழைகள் கூடுகிற இடம். 1848 ஏப்ரல் 10-ந் தேதி, எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை கேட்டுப் போராடிய சாசன இயக்கத்தார் அங்கே ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். ஆளுகிறவர்களுக்கு நடுக்கம் கண்டது. பிறகு என்ன செய்தார்கள்? அந்தப் புல்வெளியைச் சுற்றி வேலி அடைத்தார்கள். பூச்செடி வைத்தார்கள். 1854-ல் அதைப் பூங்கா என்று திறந்தார்கள். கூட்டம் போட்ட இடத்தில் "புல்லை மிதிக்காதே" என்று ஆகிவிட்டது! பூச்செடியைக்கூட ஜனங்களுக்கு எதிராக நட முடியும் என்பதற்கு இது சாட்சி.

தேம்ஸ் நதிக்கரையின் கதையையும் கேளுங்கள். பாட்டர்சி வயல்வெளியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏழை ஜனங்கள் கூடிச் சந்தையும் விளையாட்டுமாகக் கழித்து வந்தார்கள். "ஒழுக்கக்கேடு!" என்று மேல்தட்டார் கூச்சலிட்டார்கள். 1846-ல் சட்டம் போட்டார்கள். 320 ஏக்கர் நிலத்தை எடுத்தார்கள். பூங்காவுக்கு ஒதுக்கியது 198 ஏக்கர். மீதியைக் கட்டடம் கட்டக் குத்தகைக்கு விட்டார்கள். 1858-ல் மகாராணி வந்து திறந்து வைத்தாள். பூங்காவைக் காட்டி நிலத்தை விலையேற்றும் வித்தை நேற்று முளைத்ததல்ல. அதற்கு 170 வயது ஆகப் போகிறது.

நம் சென்னைக்கு வருவோம். நெசவாளர்களைக் குடியேற்றி 1734-ல் உண்டாக்கிய பேட்டை சிந்தாதிரிப்பேட்டை. கூவம் ஆற்றை ஒட்டியது. அங்கே 1869-ல் ஒரு பூங்கா அமைத்து, அன்றைய கவர்னர் நேப்பியரின் பெயரை வைத்தார்கள். தறி நெய்தவன் பெயரை வைக்கவில்லை. கவர்னர் பெயரை வைத்தார்கள்! 121 வருஷம் கழித்து, 1990-ல், அதற்கு மே தினப் பூங்கா என்று பெயர் மாறியது. மே தின நினைவுச் சின்னமும் அங்கே எழுந்தது. கூவக்கரைப் பூங்கா துரையின் பெயரை உதறித் தொழிலாளியின் நாளைச் சூடிக்கொண்டது. பெயர்ப் பலகைகூட இடையறாத இயக்கத்தால்தான் மாறுகிறது.

பாட்டாளிகளின் ஆட்சி என்று தன்னை அழைத்துக்கொண்ட நாடு ஆற்றங்கரையை என்ன செய்தது? 1928 ஆகஸ்ட் 12-ந் தேதி மாஸ்கோ நதிக்கரையில் ஒரு பூங்கா திறக்கப்பட்டது. பண்பாட்டுக்கும் ஓய்வுக்குமான மத்தியப் பூங்கா என்று அதற்குப் பெயர். 1932-ல் எழுத்தாளர் மாக்சிம் கார்க்கியின் பெயரைப் பெற்றது. வாசகசாலை, நாடக மேடை, விளையாட்டுத் திடல், படகு, குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி எல்லாம் அங்கே இருந்தன. சும்மா உலாவுகிற இடம் என்றில்லாமல், ஆலையிலிருந்து வந்தவன் படிக்கவும் பாடவும் விளையாடவும் இடம் என்ற யோசனை அது. சோவியத் ஆட்சி 1991-ல் மறைந்தது. அதற்குப் பின் அந்தப் பூங்கா சீரழிந்து, ராட்டினக் கம்பெனிகளின் கூடாரமாகி, உள்ளே நுழையவே காசு என்றாயிற்று. 2011-ல் புதுப்பித்தபோது நுழைவுக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். காசு கேட்டால் ஜனங்களின் பூங்கா ஆகாது என்பதை மாஸ்கோவும் இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது!

சபர்மதி காட்டும் பாடம்

இப்போது நம் நாட்டுக் கனவான்கள் வானளாவப் புகழும் சபர்மதிக் கரைக்குப் போவோம். ஆமதாபாத் ஆலைத் தொழிலாளர் நகரம். 1918-ல் அங்கே நடந்த ஆலை வேலைநிறுத்தம் நாடறிந்தது. பின்னால் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. வேலை போனவர்களும், நாள் கூலிகளும், சில்லறை வியாபாரிகளும் ஆற்றங்கரையில் குடிசை போட்டு ஜீவனம் செய்து வந்தார்கள்.

2005-ல் அங்கே வேலை தொடங்கியது. இரு கரையிலும் 11 கிலோமீட்டருக்கு மேல் கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள். இடத்துக்கு இடம் அகன்றும் குறுகியும் ஓடிய நதியை ஒரே சீராக 263 மீட்டராகச் சுருக்கினார்கள். இப்படி நதியிடமிருந்து பறித்த நிலம் சுமார் 200 ஹெக்டேர். அதில் ஒரு பகுதியை விற்பனைக்கென்று ஒதுக்கினார்கள். வருஷத்தில் பெரும்பகுதி வறண்டு கிடந்த ஆற்றில் நர்மதைக் கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுவந்து தேக்கினார்கள். பார்ப்பதற்கு அழகுதான், மறுக்கவில்லை!

ஆனால் அந்த அழகுக்கு விலை கொடுத்தது யார்? 10,000-க்கு மேற்பட்ட குடும்பங்கள் கரையைவிட்டுக் கிளப்பப்பட்டன. ஒரு பகுதியினரை நகரத்துக்கு வெளியே, குப்பை மேட்டுக்கும் தொழிற்சாலைப் புகைக்கும் பக்கத்தில், சுண்ணாம்புக் கோடு போட்டு 10 அடிக்கு 15 அடி இடத்தில் விட்டார்கள். வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். கூலியில் பாதி பஸ்ஸுக்கே சரி. 2022-ல் அதே ஆற்றின்மேல் நடைபாலம் ஒன்று கட்டினார்கள். அதில் நடந்து போக டிக்கெட்! ஆற்றங்கரையிலே பிறந்தவன் ஆற்றைக் கடக்கக் காசு கொடுக்க வேண்டும்!

சென்னையில் என்ன நடந்தது? அடையாற்று முகத்துவாரத்தில் 58 ஏக்கரில் ஒரு பூங்கா. 2011 ஜனவரியில் திறந்தார்கள். நீர்நிலை திருந்தியது, பறவைகள் வந்தன, நல்ல காரியம். ஆனால் பல வருஷம் அது நினைத்தபோது நுழைகிற பூங்காவாக இருக்கவில்லை. முன் அனுமதி வாங்கிக் கூட்டமாகப் போகிற இடமாகத்தான் இருந்தது. மறுபக்கம், 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைக் குடும்பங்களை ஆயிரக்கணக்கில் கிளப்பி நகரத்தின் தெற்கு எல்லையில் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில் குவித்தார்கள். வீட்டு வேலை பார்த்த பெண்களுக்கு வேலை போயிற்று. பள்ளிக்கூடத்தின் நடுவில் பிள்ளைகளுக்குப் படிப்பு போயிற்று.

"ஆக்கிரமிப்பு!" என்கிறார்கள். குடிசை போட்டவன்மேல் அந்தச் சொல் பாய்கிறது. ஆற்று மணலை லாரி லாரியாக அள்ளியவன்மேல் பாய்கிறதா? ஏரிக்கு உள்ளே மனை போட்டு விற்றவன்மேல் பாய்கிறதா? ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை ஓரவஞ்சனை?

நம் ஆற்றுக்கு நேர்ந்த கதி

தென்பெண்ணைக்கு வருவோம். பூங்கா வைப்பதற்குக் கரை வேண்டும். கரை நிற்பதற்கு மணல் வேண்டும். மணல் எங்கே?

ஆற்று மணல் வெறும் மண்ணல்ல. மழைத் தண்ணீரை உறிஞ்சி, ஊர்க் கிணறுகளுக்கு வடித்துத் தருகிற பஞ்சு அது. மணலை அள்ள அள்ள ஆற்றின் தரை கீழே போகிறது. வாய்க்கால் தலைப்பு மேலே நின்றுவிடுகிறது. ஆற்றிலே தண்ணீர் ஓடினாலும் வயலுக்கு ஏறுவதில்லை. கிணறு வற்றுகிறது. கரையின் அடி அரிக்கப்பட்டு, வெள்ளம் வரும்போது சரிகிறது. வீடு கட்ட மணல் வேண்டும், வாஸ்தவந்தான். ஆனால் ஊரைக் கட்டுவதற்கு ஆற்றை இடித்தால் ஊர் எதன்மேல் நிற்கும்?

கட்டிய அணைகளின் லட்சணத்தையும் பாருங்கள். 1950-ஐ ஒட்டிய வருஷங்களில் கட்டியது எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு. ஏழு பத்தாண்டுகள் நின்று, வாய்க்கால்களுக்குத் தண்ணீர் தந்தது. 2021 நவம்பர் வெள்ளத்தில் உடைந்தது. அது கிழடு, போகட்டும். தளவானூரில் 25 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து ஒரு தடுப்பணை கட்டினார்கள். 2020 செப்டம்பரில் திறந்தார்கள். 2021 ஜனவரியில் உடைந்தது! நவம்பரில் மறுபடியும் உடைந்தது. தாத்தா எழுபது வருஷம் நின்றார். பேரன் நாலு மாதம் நிற்கவில்லை! இந்தக் கட்டட வேலையில் சிமெண்டு எவ்வளவு, கமிஷன் எவ்வளவு என்று கேட்க ஜனங்களுக்கு உரிமை உண்டா இல்லையா?

அப்புறம் வந்தது 2024. நவம்பர் 30-ந் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2-ந் தேதி விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். அரசூரிலும் இருவேல்பட்டிலும் தண்ணீர் புகுந்தது. திருச்சி நெடுஞ்சாலையே ஆறாக மாறிற்று. குடிசை போயிற்று, ஆடு மாடு போயிற்று, நட்ட பயிர் போயிற்று. ஆத்திரப்பட்ட ஜனங்கள் பார்வையிட வந்த மந்திரியின்மேல் சேற்றை வீசியதை நாடே பார்த்தது.

இந்த வெள்ளம் நமக்குச் சொல்லும் சேதி ஒன்று உண்டு. ஆற்றுக்கு அகலம் வேண்டும். பெருக்கெடுக்கும்போது பரந்து படுக்க இடம் வேண்டும். சபர்மதியைப்போல் இரு பக்கமும் சுவர் வைத்து நெருக்கினால், அந்தத் தண்ணீர் தாழ்ந்த இடம் தேடிப் போகும். தாழ்ந்த இடத்தில் இருப்பது யார்? எந்த ஊரிலும் சேரிதானே!

ஆகவே தென்பெண்ணைக் கரையில் வர வேண்டியது கான்கிரீட் மேடையல்ல. நீர்மருதும் புங்கனும் நாவலும் பனையும் நிற்கிற தோப்பு. பிள்ளைகள் ஓடி விளையாடுகிற புல்தரை. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வெள்ளம் ஏறினால் இரண்டு நாள் மூழ்கிக் கிடக்கும். வடிந்ததும் எழுந்து நிற்கும். மரத்தின் வேர் மண்ணைப் பிடிக்கும். இப்படிப்பட்ட பூங்கா வெள்ளத்துக்குத் தாங்கலும் ஆகும், ஜனங்களுக்கு நிழலும் ஆகும். கண்ட்ராக்டருக்குத்தான் இதில் லாபம் குறைவு!

திண்டிவனத்துக்கு என்ன?

"தென்பெண்ணை விழுப்புரத்துக்காரர்களுக்கு, திண்டிவனத்தில் ஆறு ஏது?" என்று கேட்கலாம். ஆறு இல்லாவிட்டால் ஏரி இருக்கிறது. இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிவிட்ட கிடங்கல், சங்க காலத்துக் கோட்டை ஊர். சிறுபாணாற்றுப்படை புகழும் ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் ஊர் அது. கிடங்கு என்றால் அகழி. அகழியால் பெயர் பெற்ற ஊருக்குத் தண்ணீர்க்கரை இல்லை என்று சொல்ல முடியுமா?

நகரத்துக்கு அப்பால் வீடூர் அணையும் இருக்கிறது. வராக நதியும் தொண்டி ஆறும் கூடுகிற இடத்தில் 1959-ல் எழுந்த அணை. 3,200 ஏக்கருக்குப் பாசனம். அதில் 2,200 ஏக்கர் தமிழ்நாட்டில், 1,000 ஏக்கர் புதுச்சேரியில். காணும் பொங்கலன்று சுற்று வட்டாரத்து ஜனங்கள் அங்கேதான் போகிறார்கள். சாத்தனூர் அணைப் பூங்காவை சினிமாக்காரர்கள் பிரபலமாக்கினார்கள். வீடூரைப் பிரபலமாக்கியது விவசாயத் தொழிலாளி. அதனால்தானோ என்னவோ அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை!

ஆறோ, ஏரியோ, அணையோ, விஷயம் ஒன்றுதான். நீர்க்கரை ஊர்ப் பொது. அதைப் பாழ்படுத்தவும் விடக் கூடாது. பட்டா போடவும் விடக் கூடாது. பணக்காரப் பூங்காவாக வேலி போடவும் விடக் கூடாது.

பொழுது இல்லாமல் பொழுதுபோக்கு ஏது?

இன்னொரு விஷயத்தையும் மறக்கக் கூடாது. சொர்க்கத்தையே கொண்டுவந்து ஆற்றங்கரையில் வைத்தாலும், அங்கே போக நேரம் இல்லாதவனுக்கு அதனால் என்ன பலன்?

எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் உறக்கம் என்ற கோரிக்கைக்கு நம் பக்கத்திலேயே ரத்தம் சிந்தியிருக்கிறார்கள். 1936 ஜூலை 30-ந் தேதி புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளர்கள்மேல் பிரெஞ்சு சர்க்காரின் போலீஸார் சுட்டார்கள். 12 பேர் மாண்டார்கள். மறு வருஷம் அங்கே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. மாலையில் கடற்கரைக்குப் போகிற நேரம் தொழிலாளிக்கு இப்படித்தான் கிடைத்தது.

அந்த நேரத்தைத் திருடப் பார்க்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2023 ஏப்ரல் 21-ந் தேதி, 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா ஒன்று தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்து எழுந்தன. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. பத்தே நாள், மே முதல் தேதி மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக முதல் மந்திரி அறிவித்தார். எங்கே நின்று அறிவித்தார் தெரியுமா? கூவக்கரையில் நாம் பார்த்தோமே, அதே சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில்! பூங்காவும் எட்டு மணி நேரமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

சர்க்கரை ஆலையில் அரைவை காலத்தில் நாள் கணக்குப் பார்க்காமல் உழைக்கிறவனுக்கும், கரும்பு வெட்டப் பெண்டு பிள்ளைகளோடு ஊர் ஊராய்ப் போகிறவனுக்கும் வார விடுமுறை உண்டா? வயலில் ஒரு வேலை, வீட்டில் இன்னொரு வேலை என்று இரண்டு ஷிப்டு பார்க்கிற நம் தாய்மார்களுக்கு ஓய்வு என்று ஒரு மணி நேரம் உண்டா? பூங்கா கேட்கிறவர்கள் நேரத்தையும் கூலியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

எல்லாருக்கும் என்றால் எல்லாருக்கும்

நம் ஜில்லாவில் "பொது" என்ற சொல்லை உரத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித் மக்களைக் கொன்ற கறை இன்னும் அழியவில்லை. 2023-ல் மேல்பாதி கிராமத்தில் தலித் மக்கள் கோயிலுக்குள் போகக் கூடாது என்று தடுத்த தகராறில், அந்தக் கோயிலுக்கே அதிகாரிகள் பூட்டுப் போட நேர்ந்தது. ஆற்றுத் தண்ணீர் யார் காலை நனைக்கிறோம் என்று விசாரிப்பதில்லை. மனிதன்தான் விசாரிக்கிறான். கரையில் ஒரு துறை அவர்களுக்கு, ஒரு துறை இவர்களுக்கு என்று கோடு போடுகிற வழக்கம் எங்கே தலைகாட்டினாலும் அதை மிதித்து அழிக்க வேண்டும். ஒரே மர நிழலில் எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்கிற இடத்துக்குத்தான் பூங்கா என்று பெயர். மற்றது வெறும் தோட்டம்.

நாம் கேட்பது

கனவான்கள் "திட்டம் எங்கே?" என்று கேட்பார்கள். இதோ:

1. ஆற்றுத் திருவிழா நடக்கிற துறைகளை நிரந்தரப் பொது இடமாக அறிவிக்க வேண்டும். அங்கே மரம், குடிதண்ணீர், விளக்கு, பெண்களுக்குக் கழிப்பிடம் வருஷம் முழுவதும் இருக்க வேண்டும்.

2. நுழைவுக் கட்டணம் கூடாது. வேலி கூடாது. ஆடு மாடு தண்ணீர் குடிக்க வழியும், சலவைத் தொழிலாளிக்குத் துறையும், சிறு வியாபாரிக்குக் கடை போட இடமும் ஒதுக்க வேண்டும்.

3. பூங்காவைக் காரணம் காட்டி ஒரு குடிசையைக்கூடக் கிளப்பக் கூடாது. வெள்ள அபாயத்தால் இடம் மாற்றத்தான் வேண்டுமென்றால், வேலைக்குப் போகிற தூரத்தில் பட்டாவோடு வீடு கட்டிக் கொடுத்து, சாவியைக் கையில் தந்த பிறகுதான் பழைய குடிசையில் கை வைக்கலாம்.

4. மணல் கொள்ளையை நிறுத்த வேண்டும். உடைந்த அணைகளுக்குக் காரணமானவர்களைத் தண்டிக்க வேண்டும்.

5. கரையில் வாசகசாலையும், விளையாட்டுத் திடலும், கூத்து நடத்த ஒரு மேடையும் வேண்டும். அங்கே கூட்டம் போடவும் உரிமை வேண்டும்.

6. மேற்பார்வைக் கமிட்டியில் விவசாயத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் பெண்களும் இருக்க வேண்டும்.

இவற்றில் எது பேராசை? எது நடக்க முடியாதது? இடிந்துபோன ஒரு தடுப்பணைக்குக் கொட்டிய பணம் இருந்தால் எத்தனை தோப்பு வளர்த்திருக்கலாம்!

தோழர்களே! கரும்பு ஆலைக்காரர்களே, களத்து மேட்டில் நிற்கிறவர்களே! 30,000 கையெழுத்தில் லண்டன் தொழிலாளி ஒரு பூங்காவைப் பெற்றான். பத்து நாள் போராட்டத்தில் தமிழ்நாட்டுத் தொழிலாளி நாலு மணி நேரத்தைக் காப்பாற்றினான். நம்மால் மட்டும் முடியாதா? அடுத்த தை ஐந்துக்குள் ஒவ்வொரு கிராமத்திலும் இந்த ஆறு கோரிக்கைகளையும் பேசுங்கள். கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். கையெழுத்து வாங்குங்கள். திருவிழாவுக்கு வருகிற கூட்டம் கரும்பும் கிழங்கும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, அந்த மனுவிலும் ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டுத் திரும்பட்டும்.

ஆற்றங்கரை ஊருக்குச் சொந்தம். ஊர் உழைக்கிறவர்களுக்குச் சொந்தம்!